வெப்பமும் வறட்சியும் மிகுந்த தோட்டத்துக்குத் தாடி ஐரிஸ்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள தாழ்நிலப் பாலைவனத்தில், கீழ் இதழ்களில் தாடி போன்ற மயிர்களோடு பூக்கும் தாடி ஐரிஸ் செடியை வளர்த்துத் தோற்றுப்போகிறவர்களில் பலருக்கு, தவறு ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. இஞ்சியைப் போல மண்ணின் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாக வளரும் கிழங்கில் நீரையும் உணவையும் சேமித்து வைக்கும் செடி என்பதால், இது வறட்சியைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜூன் மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் ஊரில், செடி உயிரோடு இருப்பது வேறு, ஆண்டுதோறும் பூப்பது வேறு.

விற்பனைப் பட்டியலில் உள்ள குளிர்மண்டல எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதே எல்லாவற்றிலும் பரவலான தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அந்த எண், ஓரிடத்தின் குளிர்காலம் எவ்வளவு கீழே இறங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, கோடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2023ஆம் ஆண்டின் வரைபடத்தில் மிதமான கோடை கொண்ட வடமேற்கு நகரமான சியாட்டிலின் பெரும்பகுதியும் அரிசோனாவின் பாலைவன நகரமான டூசானும் ஒரே 9ஆம் மண்டலத்தில் வருகின்றன. இரண்டின் ஜூலை மாதத்தையும் அனுபவித்த எவரும் அவற்றுக்கு ஒரே செடியைப் பரிந்துரைக்க மாட்டார்கள். 30 டிகிரியைத் தாண்டும் நாட்களைக் கணக்கிட்டு அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல், இடங்களைக் கோடை வெப்பத்தின்படி பிரிக்கும் ஒரு வரைபடம் வெளியிட்டது. அதையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

அழகாகவும் சிறிதாகவும் இருக்கின்றன என்பதற்காகக் குட்டை ரகங்களை வாங்குவதும் ஏமாற்றத்தில்தான் முடியும். அவற்றின் முன்னோர்களில் ஒன்றான ஐரிஸ் பியூமிலா கடுங்குளிர்ப் புல்வெளிகளில் வளர்வது. போதிய குளிர் கிடைக்காவிட்டால் அதன் வழிவந்தவை இலை விடும், பூக்காது. 70 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் நெட்டை ரகங்கள் மிதமான குளிரிலேயே பூக்கக்கூடியவை. அரிசோனாவுக்குள்ளேயே, ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரெஸ்காட்டில் நன்றாகப் பூக்கும் குட்டை ரகம் ஃபீனிக்ஸில் பூக்காமல் போவதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இச்செடியைப் பூக்கவைப்பது அரிது என்பதற்கும் குளிர் இல்லாமையே காரணம்.

பூக்கும் பருவத்தைக் கவனிக்காமல் விடுவது, என் கருத்தில், இவை எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. பட்டியல்களில் ஒவ்வொரு ரகத்துக்கும் முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று குறிப்பு இருக்கும். படத்தில் மயங்கியவர் அதைப் படிப்பதே இல்லை. தாழ்நிலப் பாலைவனத்தில் ஐரிஸின் காலம் மார்ச் இறுதியும் ஏப்ரலும்தான். பின்பருவ ரகத்தின் மொட்டு விரியும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. காலையில் விரிந்த பூவின் தொங்கும் கீழ் இதழ்கள் பிற்பகலுக்குள் ஓரம் சுருண்டு, ஈரமான காகிதம் போலத் தண்டோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே முன்பருவ ரகங்களையும் முன்-நடுப்பருவ ரகங்களையும் தேர்ந்தெடுப்பதோடு, அவற்றிலும் இதழ் தடித்தவற்றை விரும்புவது நல்லது. கறுப்புக்கு நெருங்கிய ஊதாப் பூக்கள் வெயிலை அதிகம் உள்வாங்கி விரைவில் கருகுவதால், அவற்றைப் பிற்பகல் நிழல் விழும் இடத்தில் மட்டும் வைக்கலாம்.

இலையுதிர் காலத்தில் மறுபடி பூக்கும் ரகங்கள் இரட்டிப்புப் பலன் தரும் என்று எண்ணுவதும் சரியல்ல. 1982இல் அறிமுகமான 'இம்மார்ட்டாலிட்டி' போன்ற வெண்ணிற ரகம் மறுமுறை பூக்க வேண்டுமானால் கோடையிலும் நீரும் உரமும் வேண்டும். ஆனால் சூடான மண்ணில் ஈரம் தேங்கினால் கிழங்கில் பாக்டீரியா அழுகல் புகுந்து, துர்நாற்றத்தோடு கூழாகிவிடும். நீர் சிக்கனம் முக்கியம் என்பவர், ஒருமுறை பூத்துக் கோடையில் ஓய்வெடுக்கும் ரகங்களோடு நின்றுகொள்வதே அறிவுடைமை. மத்திய கிழக்கின் ஏரில் வகை ஐரிஸ்களையும் தாடி ஐரிஸையும் கலந்து உருவாக்கிய கலப்பினங்களை, கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் கிளாரன்ஸ் ஜி. வைட் போன்றோர் வளர்த்தெடுத்தார்கள். வறண்ட கோடையை விரும்பும் இவற்றை வாங்கிவிட்டு, புல்தரைக்குத் தெளிக்கும் நீர் எட்டும் பாத்தியில் நடுவது அவற்றைக் கொல்வதற்குச் சமம்.

ஆரிகன் போன்ற மிதமான கோடை கொண்ட பகுதிகளில் தேர்ச்சி பெற்ற ரகங்கள் பாலைவனத்திலும் அப்படியே விளங்கும் என்று நம்ப முடியாது. அங்கிருந்து கிழங்குகள் வழக்கமாக ஜூலை, ஆகஸ்டில் அனுப்பப்படுகின்றன. ஃபீனிக்ஸில் அது நடவே கூடாத காலம். செப்டம்பர் இறுதிக்குப் பிறகு அனுப்பும்படி முன்கூட்டியே கேட்க வேண்டும். வந்த கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உறுதியாக இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த ஊர்களில் சொல்வது போல முதுகு தெரிய நடாமல், வெயில் சுடாதபடி மேலே இரண்டு சென்டிமீட்டர் மண் போடுவது இங்கே பொருந்தும். முடிந்தால், உள்ளூர் ஐரிஸ் சங்கங்கள் இலையுதிர் காலத்தில் நடத்தும் விற்பனைக்குச் சென்று, அவர்கள் தோட்டத்திலேயே தொடர்ந்து பூத்த ரகம் எது என்று கேட்டு வாங்குங்கள்.