பாண் வாங்கப் போன பிள்ளை: வீட்டுக் கதையைச் சிறுவர் கதையாக்க

உங்கள் வீட்டாரும் வேறு மண்ணிலிருந்து வந்தவர்களா? அதைப் பிள்ளைகளுக்கு எழுதும்போது ஒப்பந்தத்தில் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் "1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி" என்று ஆரம்பித்தேன். இலங்கைத் தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் செய்த ஒப்பந்தம் அது. அஸ்தம்பட்டியில் அக்கா மகன் இரண்டாவது வரியிலேயே மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

ஒரு சொல்லைப் பிடியுங்கள். எனக்கு அகப்பட்டது 'பாண்'. இலங்கையில் ரொட்டிக்கு அதுதான் பெயர். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம். வந்த வாரமே ஒன்பது வயது அம்மாவிடம் "ஒரு ராத்தல் பாண் வாங்கிட்டு வா" என்று காசு கொடுத்தாராம். கடைக்காரர் 'பான்' என்று நினைத்து வெற்றிலை பாக்கை மடித்துக் கொடுத்துவிட்டார்!

பெரியவர்களிடம் "அங்கே எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்பார்கள், அவ்வளவுதான். கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். அம்மாயி கறிவேப்பிலை உருவும்போது "கொழுந்து எப்படிக் கிள்ளுவீங்க?" என்றேன். விரல்கள் தானாக மடங்கின. "ரெண்டு எல, ஒரு மொட்டு. பச்சையா, இளசா இருக்கணும்." பிறகு அவராகவே சொன்னார்: காப்பியில் சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும். பச்சைக்குப் பழகிய கை பச்சைக் காயையே பறித்ததாம். மேஸ்திரி கூடையைக் கவிழ்த்துக் காட்டித் திட்டினாராம். ஊர் மாறியதை இதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடியாது.

வீட்டுச் சொல்லுக்கு அடைப்புக்குறியில் பொருள் போடாதீர்கள். ஒரு பத்திரிகையில் பாணை 'ரொட்டி' என்று திருத்தினார்கள். கடைக்காரர் ஏன் வெற்றிலை கொடுத்தார் என்று ஒரு பிள்ளைக்கும் புரிந்திருக்காது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சோகத்தைப் பிள்ளையின் உயரத்தில் வையுங்கள். காகிதத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பாட்டனுக்குப் பாட்டன் ஆத்தூர் பக்கமிருந்து போனவர்தான், ஆனால் அம்மாயி அதற்கு முன் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. குடியுரிமையை எட்டு வயதுக்கு விளக்க முடியாது. அதனால் என் கதையில் சிறுமி கேட்கிறாள்: "நாம எப்பம்மா இங்க இருந்தோம், திரும்பி வர்றதுக்கு?" அங்கே யாரும் பதில் சொல்வதில்லை.

அச்சுக்குப் போகும் முன் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். அம்மா கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கடைக்காரர் சிரிச்சார்னு எழுதியிருக்க. சிரிக்கலடி அவரு. காசு வாங்கல."