ஐநா தீர்மானம்னு நியூஸ் வந்தா எப்படி படிக்கிறது

"ஐநா வாக்கெடுப்பு, இந்தியா புறக்கணிப்பு"ன்னு டிவில ஸ்க்ரோல் ஓடுனா எங்க சித்தப்பா உடனே கேப்பாரு, "ஏன்டா, நம்மாளுங்க மீட்டிங்குக்கே போகலையா?" அவர சொல்லி குத்தமில்ல, அந்த வார்த்தையே அப்படித்தான் இருக்கு. 2022 பிப்ரவரி 25 அன்னிக்கு உக்ரைன் விஷயமா பாதுகாப்பு கவுன்சில்ல ஓட்டெடுப்பு நடந்தப்ப இந்தியா அந்த ரூம்லயேதான் இருந்துச்சு, ஆதரவும் இல்ல எதிர்ப்பும் இல்லன்னு கை தூக்கிச்சு, ஏன்னு ஒரு விளக்கமும் வாசிச்சுது. நிஜமான புறக்கணிப்புன்னா 1950ல சோவியத் யூனியன் பண்ணது. சீனாவோட சீட்ட தைவான்ல இருக்குற அரசாங்கத்துக்கு குடுத்து வச்சிருக்கீங்களேன்னு கோச்சுக்கிட்டு ஜனவரிலேர்ந்து மீட்டிங்குக்கே வரல, ஜூன்ல கொரியா சண்டை ஆரம்பிச்சுது, வீட்டோ (தீர்மானத்த ஒத்த ஓட்டுல தடுக்குற அதிகாரம்) போட ஆளே இல்லாததால தீர்மானங்கள் வரிசையா பாஸ் ஆயிடுச்சு. ஆகஸ்ட்ல ஓடி வந்து திரும்ப உக்காந்துட்டாங்க, அதுக்கப்புறம் அந்த தப்ப பண்ணவே இல்ல.

சரி, நியூஸ் பாத்ததும் முதல்ல என்ன பாக்கணும்? எந்த சபைன்னு பாருங்க. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் "ஐநா"தான், ஆனா உள்ள மூணு வேற வேற இடம் இருக்கு. நியூயார்க்ல 15 பேர் பாதுகாப்பு கவுன்சில், அதே நியூயார்க்ல 193 நாடும் உக்கார்ற பொதுச்சபை, ஜெனீவால 47 நாட்டு மனித உரிமை கவுன்சில். 2012ல இலங்கை மேல தீர்மானம் 24க்கு 15ன்னு பாஸ் ஆச்சே, இந்தியா கூட ஆதரவா ஓட்டு போட்டுச்சே, அது ஜெனீவா. அங்க அறிக்கை கேக்கலாம், அழுத்தம் குடுக்கலாம், ராணுவம் அனுப்பவோ தடை போடவோ முடியாது. இது தெரியாமத்தான் நிறைய பேரு அப்ப பெருசா எதிர்பாத்து நொந்து போனாங்க. கண்டுபிடிக்க ஈஸியான வழி டாக்குமென்ட் நம்பர்: எஸ் (S) எழுத்துல ஆரம்பிச்சா பாதுகாப்பு கவுன்சில், ஏ (A) எழுத்துல ஆரம்பிச்சா பொதுச்சபை, ஏக்கு அடுத்து ஹெச்ஆர்சி (HRC)ன்னு இருந்தா ஜெனீவா.

அடுத்தது ஓட்டு கணக்கு. பாதுகாப்பு கவுன்சில்ல 9 ஓட்டு வேணும், கூடவே அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் இந்த அஞ்சுல யாரும் எதிர்த்து போடக்கூடாது. ஒதுங்கினா பரவால்ல, அது வீட்டோ ஆகாது. 2022 பிப்ரவரி உக்ரைன் ஓட்டெடுப்புல 11 பேர் ஆதரவு, இந்தியா, சீனா, அமீரகம் மூணும் ஒதுங்கிடுச்சு, ரஷ்யா ஒத்த ஓட்டுல தீர்மானம் காலி. அந்த மாசம் தலைவர் நாற்காலில உக்காந்திருந்ததும் ரஷ்யாதான், அதான் கொடுமை. அப்புறம் விஷயத்த பொதுச்சபைக்கு கொண்டு போனாங்க, மார்ச் 2ம் தேதி 141 நாடு ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 ஒதுங்கல். நம்பர் பெருசுதான், ஆனா பொதுச்சபை சொல்றது இந்த மாதிரி விஷயத்துல கட்டாயம் இல்ல, போர் நிக்கல.

இன்னொன்னு, யார் யார் பக்கம்னு பழைய கணக்குலயே இருக்காதீங்க. 2025 பிப்ரவரி 24ல அதே உக்ரைன் விஷயத்துல அமெரிக்கா கொண்டு வந்த 2774ம் தீர்மானத்துக்கு ரஷ்யா ஆதரவா கை தூக்குது, பிரிட்டனும் பிரான்ஸும் ஒதுங்குது! நான் ரெண்டு தடவ படிச்சுதான் நம்புனேன்.

இப்ப முக்கியமான இடம், வினைச்சொல். தமிழ் நியூஸ்ல எல்லாமே "வலியுறுத்தல்"னு போயிடும், அதனால இங்கிலீஷ் மூலத்த ஒரு தடவ பாத்துடுங்க. "அர்ஜஸ்", "கால்ஸ் அப்பான்"னு இருந்தா பெரும்பாலும் கேட்டுக்கறாங்கன்னு அர்த்தம். "டிசைட்ஸ்"னு இருந்தா முடிவு பண்ணிட்டாங்க, ஐநா சாசனம் 25வது பிரிவுப்படி எல்லா நாடும் கேக்கணும். "டிமாண்ட்ஸ்" (கண்டிப்பா கேக்கறாங்க) ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு சண்டை வரும். 2024 மார்ச் 25ல ரம்ஜான் மாசத்துக்கு காசால போர்நிறுத்தம் கேட்டு 2728ம் தீர்மானம் 14 ஓட்டுல பாஸ் ஆச்சு, அமெரிக்கா ஒதுங்கிடுச்சு, உள்ள "டிமாண்ட்ஸ்"னுதான் இருக்கு, அப்பயும் அமெரிக்கா இது கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிச்சு, மத்தவங்க கட்டுப்படுத்தும்னாங்க, ரம்ஜான் முடிஞ்சும் குண்டு விழுந்துட்டேதான் இருந்துச்சு.

போருக்கு அனுமதி குடுக்கறதுக்குன்னே ஒரு கோட் வேர்ட் இருக்கு, "ஆல் நெசஸரி மீன்ஸ்", அதாவது தேவையான எல்லா வழியும். 1990 நவம்பர்ல குவைத்த மீட்க போட்ட 678ல அது இருந்துச்சு, 2011ல லிபியாவுக்கு போட்ட 1973ம் தீர்மானத்துலயும் "ஆல் நெசஸரி மெஷர்ஸ்"னு கிட்டத்தட்ட அதே வார்த்தை இருந்துச்சு. ஆனா 2002ல ஈராக் மேல போட்ட 1441ல அது இல்ல, "கடுமையான விளைவு"ன்னு மட்டும் இருந்துச்சு, 15 பேரும் கை தூக்குனாங்க, அடுத்த மார்ச்ல அமெரிக்கா உள்ள பூந்துடுச்சு. அனுமதி இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் வாதம். மூணு வார்த்தைக்கு இவ்ளோ வெயிட்டு.

வீட்டோ விழுந்துட்டா அதோட நியூஸ மூடிடாதீங்க. 2022 ஏப்ரல்ல லிச்டென்ஸ்டைன்னு ஒரு குட்டி நாடு முன்ன நின்னு ஒரு விதி கொண்டு வந்துச்சு, வீட்டோ போட்டா 10 வேலை நாளுக்குள்ள பொதுச்சபைல அதப்பத்தி விவாதம் நடக்கும். வீட்டோ ரத்தாகாது, ஆனா போட்டவங்க அங்க என்ன சமாதானம் சொல்றாங்கன்னு கேக்கலாம். ஹேக் கோர்ட்டு நியூஸ் வந்தாலும் இதே மாதிரி எதுன்னு பாருங்க, அங்க ரெண்டு கோர்ட்டு இருக்கு. நாடுகளுக்குள்ள வழக்கு நடக்குறது ஐநாவோட சர்வதேச நீதிமன்றம். 2023ல புதின் மேல வாரன்ட் போட்டது குற்றவியல் நீதிமன்றம், அது ஐநாவோட அமைப்பே இல்ல, அதுல இந்தியாவும் மெம்பர் கிடையாது.

கடைசியா ஒரு வேலை. ஓட்டெடுப்பு முடிஞ்சு சில மணி நேரத்துல ஐநா பிரஸ் சைட்ல ஒவ்வொரு நாடும் பேசுனது சுருக்கமா வந்துடும், அதுல இந்தியான்னு தேடுங்க. 2022ல அப்ப நம்ம தூதரா இருந்த டி.எஸ். திருமூர்த்தி பேசுனதுல ராஜதந்திர பாதைய கைவிட்டது வருத்தம்னு இருக்கும், அங்க மாட்டிக்கிட்ட நம்ம மாணவர்கள பத்தின கவலையும் இருக்கும், ரஷ்யாங்கற பேர மட்டும் எங்கயும் குத்தம் சொல்லி இருக்காது. ஒதுங்குனதுக்கு ஒத்துக்கறீங்களோ இல்லையோ, அத படிச்சிட்டு அப்புறமா குரூப்ல சண்டை போடுங்க.