விமான இன்ஜின் சென்சார் புராஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனல் இயர் வந்துவிட்டால் குரோம்பேட்டை, கிண்டி, தரமணி என்று எந்தப் பக்கம் போனாலும், விமான இன்ஜினைக் கண்காணிக்கும் ஸ்மார்ட் சென்சார் நெட்வொர்க் செய்யப் போகிறோம் என்று ஒரு குழுவாவது சொல்கிறது. நல்ல தலைப்பு, தாராளமாக எடுங்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் டேஷ்போர்டில்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். ஒயர் முனையில் நடக்கும் தப்பைக் கவனிக்க அப்புறம் நேரமே இருப்பதில்லை.

தெர்மோகப்பிளை எடுத்துக்கொள்வோம்; இரண்டு வேறு உலோக ஒயர்களை முனையில் இணைத்து, அதில் வரும் சிறு வோல்டேஜை வைத்து வெப்பத்தை அளக்கும் சென்சார் அது. எக்ஸாஸ்ட், அதாவது இன்ஜினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பத்தை அளக்கப் பெரும்பாலும் கே டைப் என்ற வகைதான். ஒரு டிகிரிக்கு அது தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட், அவ்வளவுதான். நீளம் போதவில்லை என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சாதாரண செம்பு ஒயரைச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்த இடம் இன்ஜின் பக்கத்தில் 120 டிகிரி, மீட்டர் இருக்கும் அறை 35 டிகிரி என்று வையுங்கள். இந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம் செம்பு ஒயரில் கணக்கில் வராது, அதனால் ரீடிங் கிட்டத்தட்ட 85 டிகிரி குறைந்துவிடும். 600 டிகிரி எக்ஸாஸ்ட் 515 என்று தெரியும். கிராஃப் மட்டும் அழகாக வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கே டைப்புக்கு உரிய எக்ஸ்டென்ஷன் ஒயரையே கேட்டு வாங்குங்கள். நிறத்தையும் பாருங்கள். அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பைப் பிளஸ்ஸில் கொடுத்துப் பழகிய கை இங்கே ஏமாந்துவிடும்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் தனித் தொல்லை. உலோக உறைக்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்து வரும் தெர்மோகப்பிள் கேபிளை வெட்டி, முனையை மூடாமல் ராத்திரி முழுக்க பெஞ்சில் போட்டுவிட்டுப் போனால், அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சி இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் இறங்கிவிடும். வெட்டியவுடன் சீல் செய்யுங்கள்.

வைப்ரேஷனில் நடப்பது வேறு. 10,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் ரோட்டரில் (இன்ஜினின் சுழலும் பாகம்) 60 பிளேடு இருந்தால், பிளேடு கடக்கும் அதிர்வெண் 10,000 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 8,000 சாம்பிள் (அளவீடு) மட்டும் எடுத்தால் அதுவே 2,000 ஹெர்ட்ஸ் என்று வேஷம் போட்டு வந்து நிற்கும். இல்லாத பழுதைத் தேடி வாரக்கணக்கில் அலைய வேண்டியதுதான். அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு, அதாவது விநாடிக்கு 20,000 சாம்பிளுக்கு நன்றாக மேலே போங்கள். தேவையில்லாத உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டரை, சிக்னல் டிஜிட்டலாக மாறும் முன்பே வையுங்கள். பிறகு சாஃப்ட்வேரில் எதுவும் செய்ய முடியாது.

நெட்வொர்க் என்றதும் எல்லோரும் வேகத்தைக் கேட்கிறார்கள். நேரத்தைக் கேளுங்கள். அதே 10,000 ஆர்.பி.எம்.மில் 1 மில்லிசெகண்ட் பிசகினால் ரோட்டர் 60 டிகிரி திரும்பிவிடும். ரோட்டரில் எந்தப் பக்கம் எடை கூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தக் கோணம்தான் ஆதாரம். எனவே நேரத்தை சென்சார் முனையிலேயே பதியுங்கள், டேட்டா சர்வருக்கு வந்து சேர்ந்த பிறகு அல்ல.

ஒரே வகை சென்சார் இரண்டு வைத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகம் பயம் தருவது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 பனிப்பொழிவில் புறப்பட்டது. இன்ஜினில் பனி உறையாமல் தடுக்கும் ஆன்ட்டி ஐஸ் போடப்படவில்லை. இரண்டு இன்ஜின்களின் முகப்பிலும் அழுத்தம் அளக்கும் புரோப் பனியால் அடைத்துக்கொண்டது. இன்ஜினின் பின்பக்க, முன்பக்க அழுத்த விகிதத்தை வைத்து உந்துவிசையைக் காட்டும் மீட்டர் 2.04 என்றது; உண்மையில் இருந்தது சுமார் 1.70. இரண்டு மீட்டரும் ஒரே பொய்யைச் சொன்னதால் ஒன்றை வைத்து இன்னொன்றைப் பிடிக்க வழியில்லை. மற்ற இன்ஜின் மீட்டர்கள் விசை குறைவு என்று காட்டிக்கொண்டுதான் இருந்தன. விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 உயிர்கள் போயின. அழுத்தத்தை ரோட்டர் வேகத்தோடும், எரிபொருள் ஓட்டத்தோடும், எக்ஸாஸ்ட் வெப்பத்தோடும் ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று உங்கள் புரோகிராம் பார்க்க வேண்டும்.

சரி, வைவாவுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பெஞ்சில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். திரையில் கடைசியாக வந்த எண்ணே அப்படியே நின்றால், மதிப்போடு அது நம்பத்தக்கதா இல்லையா என்ற குறியையும் சேர்த்து அனுப்பும்படி முதலில் அதைத் திருத்துங்கள்.