லினக்ஸில் பிரவுசர் திறக்கும்போதே விழுகிறதா? திரெட் லைப்ரரியைப் பாருங்கள்

உபுண்டு 22.04. ஸ்னாப்பாக (தனி லைப்ரரிகளோடு ஓடும் பொதி) நிறுவிய விஎஸ் கோட் எடிட்டரின் உள் டெர்மினலிலிருந்து, டெப் பொதியாக (சிஸ்டத்தின் லைப்ரரிகளையே பயன்படுத்தும் வழக்கமான பொதி) நிறுவிய ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கிறீர்கள். ஜன்னல் வரவில்லை. 'சிம்பல் லுக்அப் எரர்' என்று ஒரே ஒரு வரி. அதில் கோர்20-க்குள் (ஸ்னாப் பொதிகளுக்கு அடித்தளமான லைப்ரரித் தொகுப்பு) கிடக்கும் லிப்பிதிரெட்டின் பாதை, கடைசியில் 'ஜிலிப்சி பிரைவேட்'. பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவ வேண்டாம். பழுது அதில் இல்லை.

ஒரே நிரலுக்குள் பல வேலைகளை (திரெட்) ஒரே சமயத்தில் ஓட்ட உதவும் திரெட் லைப்ரரியான லிப்பிதிரெட் முன்பு தனிக் கோப்பாக இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரித் தொகுப்பு) 2.34 அதைத் தன் மையக் கோப்பான லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டது; பழைய நிரல்களுக்காகப் பெயரளவுக்கு ஒரு கோப்பு மட்டும் மிச்சம். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. கோர்20-இல் இருப்பதோ 2.31. 'பிரைவேட்' என்ற முத்திரை உள்ள சிம்பல்கள் (ஃபங்ஷன், மாறி ஆகியவற்றின் பெயர்கள்) ஒரே பில்டில் பிறந்த கோப்புகள் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்துபவை. பழைய லிப்பிதிரெட் அப்படி ஒன்றைக் கேட்கிறது, புதிய லிப்சியில் அது கிடையாது, லோடர் (நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றும் பகுதி) அங்கேயே நிறுத்திவிடுகிறது.

முதலில், நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணைப் (எக்ஸிட் கோட்) பாருங்கள். பிரவுசர் விழுந்த உடனே, வேறு எதுவும் தட்டாமல், எக்கோ கட்டளையோடு டாலரும் கேள்விக்குறியும் கொடுங்கள். அந்தப் பிழை வரியோடு 127 வந்தால் லோடர் மறுத்திருக்கிறது. கோர் டம்ப் (விழுந்த நிரலின் நினைவகப் பதிவு) தேடிப் பயனில்லை. 139 வந்தால் (128-உடன் சிக்னல் 11) செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத நினைவகத்தை நிரல் தொட்டிருக்கிறது. அதற்கு வழி வேறு; கீழே வருகிறது.

127 என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்தி சாதாரண டெர்மினலைத் திறந்து அங்கே ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் புது ஜன்னல் பழைய புரோசஸிலேயே திறந்து சோதனையைக் கெடுத்துவிடும். இங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி சூழல் மாறிதான் (டெர்மினல் தான் தொடங்கும் நிரல்களுக்குக் கொடுக்கும் அமைப்பு மதிப்பு). இரண்டு டெர்மினலிலும் 'என்வ்' (மாறிகளைப் பட்டியலிடும் கட்டளை) வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, வரிசைப்படுத்தி, வித்தியாசம் பார்க்க 'டிஃப்' போடுங்கள். பெரும்பாலும் ஜிடிகே_பாத் ஸ்னாப் கோப்புறையைக் காட்டிக்கொண்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஜிடிகேயைப் (ஜன்னல், பொத்தான் போன்றவற்றை வரையும் லைப்ரரி) பயன்படுத்துவதால் அந்தப் பாதையிலுள்ள மாட்யூல்களை ஏற்றப்போய், கூடவே பழைய லிப்பிதிரெட்டையும் இழுத்து வருகிறது.

'அன்செட்' கொடுத்து அந்த மாறியை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். தீரவில்லையென்றால் ஜிஐஓ_மாட்யூல்_டிர், எல்டி_லைப்ரரி_பாத் என ஒவ்வொன்றாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீக்கினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். நிரந்தரத் தீர்வுக்கு விஎஸ் கோட் அமைப்புகளில், லினக்ஸ் டெர்மினலுக்கான சூழல் மாறிகள் பகுதியில் ஜிடிகே_பாத்துக்கு 'நல்' மதிப்பு கொடுங்கள். விஎஸ் கோடையே டெப் பொதியாக நிறுவிக்கொள்வது இன்னும் சுத்தமான வழி.

'எல்டிடி' (நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பலர் இங்கே குழம்புகிறார்கள். ஓடும்போது இடையில் ஏற்றப்படும் மாட்யூல்களை எல்டிடி காட்டாது. எல்டி_டீபக் மாறிக்கு 'லிப்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால், எந்தக் கோப்பை எந்தப் பாதையில் தேடி எடுத்தது என்று லோடரே வரிவரியாகச் சொல்லும்.

139-க்கு: கோர்டம்ப்சிடிஎல் (கோர் டம்ப்களை எடுத்துத் தரும் கட்டளை) வழியாக ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியைத் திறந்து, எல்லாத் திரெட்டுகளின் பேக்டிரேஸையும் (விழும்போது எந்தெந்த ஃபங்ஷன்களுக்குள் இருந்தது என்ற பட்டியல்) எடுங்கள். பிறகு 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' பட்டியலில் லிப்சியோ லிப்பிதிரெட்டோ இரண்டு வெவ்வேறு பாதைகளிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த இரண்டாவது பாதையை யார் கொடுத்தது என்பதைத் தேடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது: வேறு கணினியிலிருந்து லிப்பிதிரெட் கோப்பை எடுத்து வந்து சிஸ்டம் கோப்புறையில் போடுவது. லோடர், லிப்சி, லிப்பிதிரெட் மூன்றும் ஒரே பில்டாக இருந்தாக வேண்டும். தவறினால் பிரவுசரோடு சூடோவும் (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டுவது) விழக்கூடும். பிறகு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து அந்தக் கோப்பை மாற்ற வேண்டியிருக்கும்.