வீடில்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க: மதுரைப் பக்கம் செய்ய வேண்டியவை

மாட்டுத்தாவணி நடைபாதையிலோ, வைகைக் கரைக் குடிசையிலோ, செங்கல் சூளை ஓரத்திலோ, சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலோ ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது. பள்ளிக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்டால் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "பேப்பர் எதுவும் கையில இல்லைங்க, எல்லாத்தையும் வாங்கிட்டுச் சேர்க்கலாம்னு இருக்கோம்." அந்தக் காத்திருப்பில் ஒரு வருடம் போய்விடும். முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். பேப்பரை அப்புறம் தேடிக்கொள்ளலாம். சட்டமும் அதற்குத்தான் இடம் கொடுக்கிறது.

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதில் நான்கு பிரிவுகளை ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 4: இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், 10 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. பிரிவு 5: பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 15: ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கோ ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கோ பிள்ளையோடும் பெற்றோரில் ஒருவரோடும் போங்கள். காலை வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்து, முதல் பாடவேளை முடிந்த பிறகு போனால் தலைமை ஆசிரியரால் நிதானமாகப் பேச முடியும். சட்டத்தை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். "டீச்சர், இந்தப் பிள்ளை எங்கேயும் படிக்கல, இன்னைக்கே உட்கார வைக்கணும்" என்பதே போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் உட்கார வைத்துவிடுவார்கள். முகவரி கேட்கும் இடத்தில் பொய்யாக ஒரு வீட்டு எண்ணை எழுதாதீர்கள். "ஆரப்பாளையம் பேருந்து நிலையம் அருகில், நடைபாதை" என்று உள்ளதை எழுதலாம். மாநகராட்சிக் காப்பகத்தில் தங்கியிருந்தால் அதன் முகவரியைக் கொடுக்கலாம். பிள்ளை வராத நாளில் ஆசிரியர் தேடிவர அந்த முகவரி உதவும்.

பிறந்த தேதியில்தான் அதிகக் கவனம் தேவை. இங்கே போடும் தேதி சேர்க்கைப் பதிவேட்டில் ஏறி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும்; அதன்பின் மாற்றுவது பெரும்பாடு. பிறப்புச் சான்று இல்லையென்றால் மருத்துவமனை அல்லது செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் கிடைக்காவிட்டால் பெற்றோரோ பாதுகாவலரோ எழுதித் தரும் உறுதிமொழி போதும். அந்த உறுதிமொழியை அவசரத்தில் எழுதும்போது ஏதோ ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடுவார்கள். பிறகு பார்த்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஐந்து மாத வித்தியாசம் நிற்கும். அம்மாவிடம் தேதி கேட்காமல் திருவிழாவைக் கேளுங்கள். "அழகர் ஆத்துல எறங்குன மறுவாரம் பொறந்தான்" என்பார். அந்த ஆண்டுக் காலண்டரை எடுத்தால் தேதி கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். உடன்பிறந்தோர் எல்லோருடைய தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, சரிபார்த்த பிறகே கொடுங்கள்.

பெரியாஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் பிறப்பு மாநகராட்சியில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். தாய் பெயரையும் பிறந்த ஆண்டையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். சான்றில் பிள்ளையின் பெயர் இல்லாமல் காலியாக இருந்தால், பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்க்க முடியும்.

ஏற்கெனவே வேறு ஊரில் படித்த பிள்ளைக்குச் சிக்கல் வரும் இடம் எமிஸ் (EMIS) எனும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரை விடுவித்துக் காமன் பூல் எனும் பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். ராத்திரியோடு ராத்திரியாக இடத்தைக் காலி செய்த குடும்பம் டி.சி. வாங்கிக்கொண்டா வந்திருக்கும்? பழைய பள்ளியின் பெயர், ஊர், கடைசியாகப் படித்த வகுப்பு, அங்கே கொடுத்திருந்த போன் நம்பர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பழைய அடையாள அட்டையோ ரேங்க் கார்டோ இருந்தால் எமிஸ் எண் அதில் இருக்கலாம். தலைமை ஆசிரியர் அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் போங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுத்துச் சேர்ப்பதும் அவர்கள் வேலையே. எமிஸ் சரியாகும் வரை பிள்ளையை வீட்டில் இருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே வகுப்பில் உட்கார்ந்து, மதியம் சத்துணவும் சாப்பிட வேண்டும்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்சி உண்டு. பெயர் வழக்கமான பள்ளியில் இருக்கும். பயிற்சி நடக்கும்போது 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசக் கல்வி தொடரும்.

மறுத்தால், "மறுப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும். இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். கல்வி உதவி எண் 14417இலும் சொல்லலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். பள்ளியின் பெயர், போன தேதி, பேசியவரின் பொறுப்பு, சொன்ன காரணம் என்ற நான்கும் மனுவில் இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு புத்தகம், சீருடை, பை, காலணி எல்லாம் இலவசம். 1 முதல் 5 வரை காலை உணவும் உண்டு. அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. தெருவில் தங்கும் பிள்ளையின் புத்தகம் மழையிலும் திருட்டிலும் போகும். புத்தகப் பையைப் பள்ளி பீரோவிலேயே வைத்துக்கொள்ள வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சீருடை துவைக்க முடியாத நாளில் வகுப்பின் முன்னால் நிறுத்திக் கேட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது. ஆசிரியரிடம் இதை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவையுங்கள்.

கரும்பு வெட்டுக்கோ சூளைக்கோ குடும்பம் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளை இடைநின்றதாகக் கணக்கில் போகும். எந்த ஊருக்கு என்று தெரிந்தால் அங்குள்ள பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம்.

பேப்பருக்கு அடுத்தபடியாகப் பெற்றோரைத் தடுப்பது, "பிள்ளையைப் பிடிச்சு ஹோம்ல போட்டுருவாங்க" என்ற பயம். பள்ளியில் சேர்ப்பதால் அப்படி நடக்காது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. ஆனால் கூட யாருமே இல்லாத பிள்ளையைக் கண்டால், நல்லெண்ணத்தில்கூட நீங்களாக வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்க்க வேண்டும். தகுதியுள்ள குடும்பத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென்று 2025இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்.

வயதுக்கு வந்த பெண் பிள்ளை தெருவில் தங்கிப் படிப்பது கடினம். அரசு விடுதியைத் தள்ளிப்போடாமல் விசாரியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில், வீட்டிலிருந்து பள்ளி குறைந்தது 8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் கள்ளர் சமூகத்தினருக்காகத் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புத் துறையின் அரசு விடுதிகளும் உண்டு. விடுதிக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கேட்பார்கள் என்பதால், பள்ளியில் சேர்ந்த மாதமே தாசில்தார் அலுவலக வேலையைத் தொடங்கிவிட வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அந்த ஏழு வகுப்புகளையும் காட்டச் சான்று வேண்டும். ஆகவே, எத்தனை பள்ளி மாறினாலும் ஒவ்வொன்றிலும் படிப்புச் சான்று வாங்கி, ஒரு படி பிள்ளையிடமும் ஒரு படி வகுப்பாசிரியரிடமும் கொடுத்து, படமெடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.