முதலில் பென்சில், பிறகு கணினி

உயர்தரப் பெறுபேறு வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, செய்நிரலை எழுதியதும் ஓட்டாதீர்கள். கொப்பியில் கட்டம் கீறி, வரிக்கு வரி மாறிகளின் பெறுமானத்தை எழுதிப் பாருங்கள்.

துவிதத் தேடலையே எடுங்கள்: ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, வேண்டாத பாதியைக் கழித்துவிட்டுத் தேடும் முறை அது. அகரவரிசையில் 1000 பெயர்கள் இருந்தாலும் 10 ஒப்பீடுகளுக்குள் தேடல் முடிந்துவிடும். ஆனால் தேடும் பகுதியின் தொடக்கமான கீழ் எல்லையை நடுவுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தாமல் நடுவிலேயே வைத்தால், கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சி, தேடுவது இரண்டாவதாக இருக்கும்போது செய்நிரல் செக்குமாடாகச் சுற்றும். ஓர் இரவு முழுவதும் திரையை முறைத்தும் எனக்குப் பிடிபடாத பிழை இது. கட்டத்தின் நான்காவது வரியிலேயே அகப்பட்டது. அழிறப்பரும் பக்கத்தில் இருக்கட்டும், நிறையத் தேவைப்படும்.