வரிக்கு வரி புது ஸ்ட்ரிங் எதற்கு? ரஸ்ட்டில் பெரிய ஃபைல் படிக்கும் முறை

ரஸ்ட் நிரல்மொழியில் டெக்ஸ்ட் ஃபைலை வரிவரியாகப் படிக்க எல்லோரும் முதலில் எடுப்பது லைன்ஸ்() தான். எழுத வசதியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அது ஒரு புது ஸ்ட்ரிங் (எழுத்துகளை மெமரியில் வைத்திருக்கும் பொருள்) தருகிறது, ஒரு கோடி வரி இருந்தால் கிட்டத்தட்ட ஒரு கோடி தடவை மெமரி வாங்கித் திருப்பிக் கொடுக்கிற வேலை. சின்ன ஃபைலுக்கு அது போதும், எதையும் மாற்ற வேண்டாம். ஜிபி கணக்கில் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஃபைலை பஃப்ரீடரில் (பெரிய துண்டுகளாகப் படித்து வைத்துக்கொண்டு தருவது) போட்டுத் திறந்துவிட்டு, லூப்புக்கு வெளியே ஒரே ஒரு காலி ஸ்ட்ரிங் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரீட்_லைன்() அதையே திரும்பத் திரும்ப நிரப்பட்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் வேலை கிளியர்(), ஏனென்றால் ரீட்_லைன் பழைய வரியை அழிக்காது, அதன் வாலிலேயே புது வரியை ஒட்டும். கிளியர் எழுத்துகளை மட்டும்தான் அழிக்கும், வாங்கிய இடத்தை விடாது, அதனால் நீளமான வரி ஒன்று வந்துபோன பிறகு அநேகமாக மறுபடி இடம் கேட்கவே வேண்டியிருக்காது. 0 திரும்பி வந்தால் ஃபைல் முடிந்தது.

வரி முடிவுக் குறியும் கூடவே வரும். அதை வெட்ட, வரியின் கடைசியில் உள்ள வெற்றிடங்களை நீக்கும் டிரிம்_எண்ட்() போடலாம், அது புதிதாக எதையும் உண்டாக்காது. டேப் வைத்துப் பிரித்த ஃபைலில் மட்டும் வேண்டாம், கடைசிக் கட்டங்கள் காலியாக இருந்தால் அந்த டேப்புகளையும் சேர்த்து வெட்டிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஹேஷ்மேப்பில் (ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் அட்டவணை) கோட்டை விடுகிறவர்களும் உண்டு. தமிழ்க் கட்டுரைகளில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு' என்ற சொல்லே ஆயிரக்கணக்கில் வரும், என்ட்ரி(சொல்.டு_ஸ்ட்ரிங்()) என்று எழுதினால் அத்தனை தடவையும் ஒரு 9 பைட் ஸ்ட்ரிங் பிறந்து உடனே சாகும். முதலில் கெட்_மியூட்() வைத்துத் தேடுங்கள், இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இல்லாதபோது மட்டும் டு_ஸ்ட்ரிங் செய்து உள்ளே போடுங்கள். அதேபோல வரியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்() தருவதை கலெக்ட் செய்து வெக்டரில் அடுக்காமல், வருகிற வரிசையிலேயே பயன்படுத்துங்கள்.

பழைய திஸ்கி (யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீடு) ஃபைல் என்றால் ரீட்_லைன் பிழை கொடுத்து நின்றுவிடும், அது யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் மட்டும்தான் ஏற்கும். அங்கே ரீட்_அன்டில்() எடுங்கள், பைட்டுகளாகவே படிக்கலாம், கிளியர் செய்யும் வேலை மட்டும் அதே மாதிரிதான்.

அப்புறம், லினக்ஸ் என்றால் ரிலீஸ் பில்டை ஹீப்டிராக்கில் (புரோகிராம் எத்தனை தடவை மெமரி வாங்குகிறது என்று காட்டும் கருவி) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வரிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து அலோகேஷனும் (மெமரி வாங்கும் தடவைகள்) ஏறினால், லூப்புக்குள் இன்னும் எங்கோ டு_ஸ்ட்ரிங் அல்லது கலெக்ட் மாதிரி ஒன்று இருக்கலாம்.